நேர்த்திக்கடனும் எதிர்மறைச் சான்றும்

கோயிலில் குவிந்திருக்கும் காணிக்கைகள் தெய்வத்தின் அருளுக்குச் சான்றாகுமா என்னும் வினா, மலேசியாவின் வடசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வட்டாரங்களில் பால்மரங்கள் அழிந்து செம்பனை வந்த பிறகும் எல்லையோர மரத்தடியில் சூலமாய் நின்ற முனியாண்டியிடம், 1960களின் இறுதியில் நான்கு இலக்கக் குலுக்கல் தொடங்கியபின், பிணியும் பகையும் நீங்க வேண்டியதோடு ‘நம்பர்’ கேட்பதும் சேர்ந்துகொண்டது. நம்பர் அடித்தவர் கிடா வெட்டிக் கூரை வேய்ந்து, தம் பெயரைக் கல்லில் பொறித்துப் பதிக்கிறார். அடிக்காதவரோ சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறார். அவர் வேண்டியதற்குக் கோயிலில் தடயமே இல்லை.

அறியாததை அறிந்ததன்வழி உய்த்துணர்வதாகிய கருதலளவைக்கு இரு கால்கள் வேண்டும் என்பது தருக்க நூலார் கொள்கை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அளவைப் பகுதியிலும் அவை வருகின்றன: புகையுள்ள அடுக்களையில் நெருப்பும் உண்டு என்னும் உடன்நிகழ்ச்சி அன்னுவயம், நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்னும் எதிர்மறை வெதிரேகம். முனி கோயிலின் கூரையும் கல்லும் முதற்காலை மட்டுமே காட்டுகின்றன. ஒரு குலுக்கலில் 10,000 எண்களுள் 23 எண்களுக்குப் பரிசு விழுகிறது என்றால், வெவ்வேறு எண் கட்டும் 1,000 பேரில் சராசரியாக ஏறத்தாழ இருவருக்கு, எந்தத் தெய்வத்தையும் வேண்டாமலே, ஏதேனும் ஒரு பரிசு கிட்டும்; அவ்விருவரும் முனியிடம் கேட்டவர்களாக இருந்துவிட்டால் கோயிலுக்குப் புதுக்கூரை உறுதி. கிரேக்கரான டயாகரஸிடம், கடலில் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த ஓவியங்களைக் காட்டியபோது, மூழ்கியவர்களை எங்கும் ஓவியமாகத் தீட்டவில்லையே என்று அவர் சொன்னதாக உரோம எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார். இதே வடசிலாங்கூரில் உள்ள செகிஞ்சானின் ரெடாங் கடற்கரையிலும், வேண்டுதலை எழுதிச் சிவப்புத் துணி நாடாவை மரத்தின்மேல் வீசுகிறார்கள். கிளையில் சிக்கிய நாடா ஒருவர் வேண்டினார் என்பதைத்தான் காட்டும், வேண்டியது கிடைத்ததா என்பதைக் காட்டாது.

இக்குறை வழிபடுவோருக்கு மட்டும் உரியதும் அன்று. போலிச் சாமியாடிகளையும் கடனில் முழுகிய குடும்பங்களையும் மட்டுமே எண்ணிக்கொண்டு வழிபாடு முழுவதையும் ஏமாற்று என்று தீர்ப்பவரும், தமக்கு உகந்த பக்கத்தையே எண்ணுகிறார். அதைவிட நுட்பமானது சைவ சித்தாந்தம் தரக்கூடிய மறுமொழி. அருளை அறக்கருணை, மறக்கருணை என இருவகையாக்கி, துன்பத்தின்வழித் திருத்துவதையும் கருணை என்றே கொள்ளும் அக்கொள்கைப்படி, அடிக்காத நம்பரும் அருளே ஆகும். இது தன்னளவில் முரணற்ற நிலைதான். ஆயினும் வெற்றி, தோல்வி இரண்டும் ஒன்றையே சுட்டுமானால் வெதிரேகத்துக்கு இடமே இல்லாமற் போகிறது. அங்கே அருள் கருதலளவையால் நிறுவப்படுவதன்று, உரையளவையாகிய ஆகம வாக்கை ஏற்று நம்பப்படுவதே. அந்நம்பிக்கையோடு முனியைக் கும்பிடுபவர், நம்பர் அடித்தவர் வேய்ந்த கூரையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. அழைக்கும் உரிமையும் அவருக்கு இல்லை.