வியர்வையின் விலை

மேனாட்டு ராக் சங்கீதத்தில் எனக்கு ஞானம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு நாள் இரவு என் மகன், "பத்து நிமிஷம் பொறுமையாகக் கேளுங்கள் அப்பா" என்று கெஞ்சி என்னை உட்கார வைத்தான். இரைச்சல் என்று எழுந்து போக நினைத்தவன், கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன். வாசித்தவர் ரோரி கல்லகர் என்ற ஐரிஷ்காரர். 1974-இல் பெல்பாஸ்ட், டப்ளின், கார்க் ஆகிய ஊர்களில் அவர் செய்த கச்சேரிகளிலிருந்து எடுத்த இசைத்தட்டு அது. கலவரத்துக்கு அஞ்சிப் பல வித்வான்கள் பெல்பாஸ்ட் பக்கமே தலைகாட்டாத காலம். இவர் போய் வாசித்திருக்கிறார்.

அந்தக் கிதாரின் கதையை மகன் சொன்ன நாளிலிருந்து என் மனத்துக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

1961-இல் அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனியார் செய்த ஸ்ட்ராடோகாஸ்டர் அது. கார்க் நகரத்துக் கடை ஒன்றில் 1963-இல், 15 வயதுப் பையனாக, 100 பவுன் விலை பேசித் தவணைக் கடனில் வாங்கினார். இது ஒன்று இருந்தால் பக்கவாத்தியம், தனி இரண்டையும் நானே வாசித்துவிடுவேன், இன்னோர் ஆளுக்குக் கொடுக்கிற சம்பளம் மிச்சம் என்று தாயாரிடம் வாதாடினாராம். கடன் வாங்கப் புறப்படுகிற பிள்ளைகள் எந்த தேசத்திலும் ஒரே மாதிரிதான் கணக்குச் சொல்கிறார்கள்! பிறகு டப்ளினில் அது திருட்டுப் போயிற்று. சில நாள் கழித்து ஒரு பள்ளத்தில் கிடந்து அகப்பட்டது. அப்புறம் அவர் அதைக் கைவிடவே இல்லை. 1995-இல் தமது 47-ஆவது வயதில் இறக்கும்வரை அதுவே அவருடைய பிரதான வாத்தியம்.

புதிதில் அதன் உடம்பில் அந்தி வானம் போல வர்ணம் பூசியிருந்தார்கள். கல்லகருக்கு மேடையில் வியர்வை ஆறாகப் பெருகும். முப்பது வருஷத்து வியர்வை அந்தப் பூச்சைத் தின்றுவிட்டது. இன்று பார்த்தால் பெரும்பாலும் வெறுங் கட்டைதான். ஃபெண்டர் கம்பெனியார் என்ன செய்தார்கள் தெரியுமா? பூச்சு எங்கெங்கே போயிருக்கிறதோ அங்கெல்லாம் அதே போலப் போக்கி, நகல் கிதார்கள் செய்து விற்றார்கள். யாரும் வியர்க்காமலே வியர்த்துத் தேய்ந்த கிதார்! வாங்குகிறவரை நான் பரிகசிக்கவில்லை. பெரிய எழுத்தாளர் ஒருவருடைய கையெழுத்தைப் போலவே எழுதிப் பழகிய வாலிபன்தான் நானும்.

அந்தக் கட்டையிலா இருக்கிறது அவருடைய குரல்? இந்த மாதிரி மின்சாரக் கிதாருக்கு வீணைக் குடம் போல வெற்றிடம் கிடையாது. கம்பி அதிர்கிறது, கீழே காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கிறது, அதைப் பெருக்கி நாதமாக்குவது வேறொரு பெட்டி. கல்லகர் விரும்பியது வாக்ஸ் ஏ.சி. 30 என்ற பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். 30 வாட் சக்திதான். இரண்டுக்கும் நடுவே ரேஞ்ச்மாஸ்டர் என்று, ஒரே ஒரு டிரான்ஸிஸ்டர் உள்ள குட்டிப் பெட்டி. எதை எடுத்துவிட்டாலும் நாதம் மாறிப் போகும். விரல்களை எடுத்துவிட்டால்? அதைத்தான் 1995 எடுத்துவிட்டதே!

ஆனாலும் விலை கட்டைக்குத்தான் கிடைத்தது. அண்ணன் போன பிறகு சுமார் முப்பது வருஷம் கட்டிக் காத்த தம்பி டோனல், அந்தச் சேகரத்தை 2024 அக்டோபரில் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் விட்டார். கிதார் வெளியார் கைக்குப் போய்விடுமே என்று ஊரார் பதறினார்கள். 1963-இல் அதை விற்ற கடைக்காரருடைய மகளே பணம் திரட்டக் கிளம்பினார். கடைசியில் 889,400 பவுனுக்குப் போயிற்று. எடுத்தது கச்சேரி நடத்துகிற ஒரு நிறுவனம்; அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்காக.

தம்பி விற்றது சரியா? அண்ணனின் வியர்வையைக் காசாக்கலாமா? ஒரு வாரம் முழுக்க நான் தம்பிக்கு எதிர்க்கட்சியில்தான் இருந்தேன். பிறகு, என் வீட்டு அலமாரியின் மேல் கிடந்த வயலின் ஞாபகம் வந்தது.

அது என் பெரியப்பாவுடையது. அவர் காலமான பிறகு நான்தான் கொண்டுவந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. அடுத்த தெருப் பையன் ஒருவன், கற்றுக்கொள்ள ஆசை, வாத்தியம் வாங்க வசதியில்லை என்று கேட்டு வந்தான். பெரியப்பாவின் மோவாய் பட்டுக் கறுத்த இடத்தில் இன்னொருவன் மோவாய் வைப்பதா? கொடுக்க மனம் வரவில்லை. ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். நாலைந்து வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தேன். வஜ்ஜிரம் விட்டு மேற்பலகை பிளந்து கிடந்தது. அந்தப் பையன் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டான். என்ன வாசிக்கிறானோ, வாசிக்கிறானோ இல்லையோ.

ஆகையால் அந்தத் தம்பியை விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அருங்காட்சியகத்திலாவது ஈரத்தையும் உஷ்ணத்தையும் அளந்து பார்த்துக்கொள்வார்கள், பிளக்காது. வருஷத்துக்கு ஒரு நாள், கடன் சொல்லி வாத்தியம் வாங்கிய 15 வயதுப் பையன் எவனையாவது கூப்பிட்டு, ஒரு பழைய வாக்ஸ் பெட்டியையும் பக்கத்தில் வைத்து, வாசிக்க விட்டால் என்ன? பூச்சு இன்னும் போய்விடுமே என்பார்கள். ஓரங்களில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே, அது போனால் போகட்டுமே!