பணிவும் துணிவும்

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் மலைப்பாதையை அறிந்தோர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஏறுவதற்கு எந்திரத்தின் வலிமை போதும். இறங்குவதற்கோ ஓட்டுவோனின் அறிவு வேண்டும். காய்கறி மூட்டைகளுடன் கீழிறங்கும் லாரிக்காரன் வளைவுக்கு முன்னரே கியரைக் குறைத்துக்கொள்கிறான். வளைவிற் புகுந்தபின் பார்த்துக்கொள்வோம் என்பவனுக்குப் பள்ளமே விடை கூறும்.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து வீடொன்றிற் பிறந்த பிள்ளை வணிக விமானியாக விரும்பிப் பயிற்சிக்குச் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உரிமம் பெறுதற்குச் சர்வதேச விதிப்படி 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியாயின் 150 மணி போதும். அப்பயிற்சியின் தொடக்கத்திலேயே அவன் கற்பது ஓடுபாதையை அணுகும் முறையாகும்.

விமானம் ஏறத்தாழ மூன்று பாகைச் சரிவில், ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி வீதம் தாழ்ந்து வரவேண்டும். இறங்க எண்ணிய இடம் முன்கண்ணாடியில் அசையாது நிற்குமாயின் வழி சரி. அது மேலே நகர்ந்தால் பாதைக்கு முன்னரே வீழ்வோம். கீழே நகர்ந்தால் பாதையைக் கடந்துபோவோம். பல ஓடுபாதைகளின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக நிற்கும். இரண்டு வெண்மையும் இரண்டு செம்மையுமாகத் தோன்றினால் உயரம் செம்மை. நான்கும் வெண்மையாயின் மிக உயரம். நான்கும் சிவப்பாயின் மிகத் தாழ்வு.

இவற்றோடு கற்கவேண்டிய பாடம் மற்றொன்றுண்டு. குறித்த உயரத்துக்கு வருமுன் வேகமும் சரிவும் நிலைப்படவில்லையாயின், விசையை முழுதும் கொடுத்து மீண்டும் மேலெழவேண்டும். இதனைக் ‘கோ அரவுண்டு’ என்பர். பெரிய விமானங்களுக்கு அவ்வெல்லை மேகமூட்டத்தில் 1000 அடி, தெளிந்த வானில் 500 அடி என்று வகுத்திருப்பது பெருவழக்கு.

மேலெழுதல் கைக்கு எளிது, மனத்துக்கோ அரிது. ஓடுபாதை கண்ணெதிரே கிடக்கிறது, பயணிகள் காத்திருக்கின்றனர், ‘இவனுக்கு இறக்கத் தெரியவில்லை’ என்பாரோ என்னும் நாணம் உள்ளே குத்துகிறது. இந்நாணம் பலரைக் கொன்றிருக்கிறது.

2010 மே 22ஆம் நாள் துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்தது, 158 பேர் மாண்டனர், எண்மரே பிழைத்தனர். மீண்டும் எழுமாறு துணை விமானி மூன்று முறை கூறியும் தலைமை விமானி இறங்குவதிலேயே நின்றார் என்பது விசாரணையின் முடிவு. 2020 ஆகஸ்டு 7ஆம் நாள் கோழிக்கோட்டில், மழையில், மேலெழும்படி துணை விமானி சொல்லியும் விமானம் பாதையின் நடுப்பகுதியளவிற் சென்றே தரை தொட்டது. 21 பேர் இறந்தனர். இரண்டிடத்தும் சரியான சொல் சொல்லப்பட்டது, கேட்கப்படவில்லை.

‘மூத்தவர் செய்வதை இளையவன் தடுப்பது பணிவின்மையன்றோ?’ என்று சிலர் கேட்கலாம். இளையவன் தன் விருப்பத்தைச் சொல்லித் தடுத்தால் அங்ஙனம் கொள்ளலாம். ஆனால் அவன் சொல்வது, இருவரும் முன்னரே ஒப்புக்கொண்ட அளவையன்றோ? விளக்கு சிவந்திருப்பது தலைவனுக்கும் சிவப்பே, துணைவனுக்கும் சிவப்பே. அளவுக்குப் பணிவதே பணிவு. ஆளுக்குப் பணிந்து அளவை மறைப்பது அச்சம். 1979இல் நாசா கூட்டிய ஆய்வரங்கிற்குப் பின்னர், விமானியறையில் எவ்வாறு சொல்வது, எவ்வாறு கேட்பது என்பதும் உலகெங்கும் பயிற்சியாகவே வளர்ந்தது. சொல்பவனுக்கு மட்டுமன்று, கேட்பவனுக்கும் பயிற்சி வேண்டும் என்று அறிந்தனர்.

நாம் எங்குப் பயின்றோம்? பிரட்டுக் களத்தில் நின்ற நம் முன்னோர்க்குக் கேட்கும் செவி மட்டுமே அனுமதிக்கப்பட்டது. கங்காணி மூலம் ஆள்சேர்ப்பது 1938இல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது. ஆனால் ‘பெரியவர் சொல்லிவிட்டார்’ என்னும் பூட்டு இன்னும் பல வீடுகளில் தொங்குகிறது. மாப்பிள்ளையின் குடிப்பழக்கம் தெரிய வருகிறது, பெண் கலங்குகிறாள், தாய் மெல்லச் சொல்கிறாள். ‘மண்டபத்துக்குப் பணம் கட்டியாயிற்று, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது’ என்கிறார் தந்தை. அவர் கொடியவரல்லர், ஓடுபாதையைக் கண்டுவிட்டவர், அவ்வளவே.

இதற்கு மருந்து யாது? லாரிக்காரன் செய்வதுபோல வளைவுக்கு முன்னரே எல்லையை வகுத்தல். பேச்சுத் தொடங்கும் நாளிலேயே, ‘இன்னது தெரிந்தால் நிறுத்திவிடுவோம், அதனைச் சொல்லும் உரிமை இவ்வீட்டில் யாவர்க்கும் உண்டு’ என்று தந்தையே சொல்லிவைக்கட்டும். ஆசை முற்றியபின் வகுக்கும் எல்லை ஆசையின் பக்கமே சாயும்.

மேலெழுந்த விமானம் சில நிமிடம் சுற்றி மீண்டும் வரும். எரிபொருள் சிறிது செலவாகும், பயணிகள் முணுமுணுப்பர். அந்த முணுமுணுப்பைக் கேட்க அவர்கள் உயிரோடிருப்பர். நம் வீட்டு இளையோர் ‘வேண்டாம், மேலெழுவோம்’ என்று சொல்லும் நாளில் அதனைக் கேட்கும் துணிவு நமக்கு உண்டா? மூத்தோரே, இக்கேள்வி நம்முடையது.