வெள்ளைத் துணியும் கருத்த நீரும்

அறியாமற் செய்த தீங்கு வேறு, அறிந்து செய்யும் தீங்கு வேறு என்பதை யாவரும் ஒப்புவர். ஆயின், வேறு வழி அறியாமல் நெடுங்காலம் செய்துவந்த ஒரு தொழிலை, வேறு வழி தெரிந்த பின்னும் அவ்வாறே செய்தால், அஃது அப்பழைய செயல்தானா? மாட்டுங்காவில் 1924-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைக் கடந்து தாராவிப் பக்கம் செல்லும்போதெல்லாம் இக்கேள்வி என்னைத் தொடர்கிறது.

பருத்தி இழையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோசு என்னும் தாவரப் பொருளே. அதன் மேற்புறத்தில் மெழுகும் பெக்டினும் போர்த்தியிருப்பதால் நெய்த துணி நீரையும் சாயத்தையும் எளிதில் ஏற்பதில்லை. ஆகவே அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் நெடுநேரம் கொதிக்க வைப்பர். பிறகு காரம் நீங்கும்வரை மீண்டும் மீண்டும் அலசுவர். அந்நீர் எங்கே போயிற்று என்று துணி வாங்குவோர் கேட்பதில்லை. இன்றோ, நுண்ணுயிர்களிடமிருந்து பெறப்படும் பெக்டினேசு என்னும் நொதி, 50, 60 பாகை வெப்பத்திலேயே பெக்டினைக் கரைத்துவிடுகிறது. எரிபொருள் மிச்சம், நீரும் மிச்சம்.

இதில் ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. பருத்தி விதைத்தோலின் துகள்களைக் காரம் அகற்றுவதுபோல் நொதி அகற்றுவதில்லை. துணி சற்றே பழுப்பாக நிற்கும். எனவே வழக்கு இப்போது ஆலையை விட்டு நம்மிடம் வந்துவிடுகிறது. குளிரையும் வெயிலையும் கொசுக்கடியையும் தடுக்கவும், நாணத்தைக் காக்கவுமே ஆடை என்று பிக்குகள் சீவரம் உடுக்கும்போது நினைந்துகொள்வர். அந்தப் பயன்களுள் வெண்மை இல்லை.

வெண்மைக்கும் வண்ணத்துக்கும் பிறர் கொடுத்த விலையை நொய்யலாற்றங்கரை உழவர் அறிவர். பாசனத்துக்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அப்போது வேலையிழந்தோரும் ஏழைகளே! இதை எண்ணும்போது, தாராவியின் சந்தொன்றில் கூலிக்குச் சாயம் தோய்ப்பவரிடம் சென்று அறவுரை கூற எனக்கு நா எழுவதில்லை. கூலியைக் குறைத்து வைப்பவர் வேறொருவர். அவரிடம் குறைந்த விலைக்குக் கேட்பவர் நாம். கழிவு மித்தி ஆற்றில் கலக்கும்போது அதைக் கொட்டிய கை ஒன்றுதான். கொட்டச் செய்த கைகள் பல. எண்ணமே வினை என்போமாயின், அப்பல கைகளுக்குரியோர் எண்ணங்களையும் கணக்கில் சேர்க்கவேண்டாவா?

'எனக்குத் தெரியாது' என்னும் விடை இனி எனக்குமட்டும் எப்படிப் பொருந்தும்? சென்ற மாதம் உறவினர் திருமணத்துக்காக மாட்டுங்காவில் ஒரு கடையில் வேட்டி வாங்கப் போனேன். வெளுக்காத துணி உண்டா என்றேன். "அது விலை போகாது, ஐயா" என்றார் கடைக்காரர். வெளுத்த வேட்டியையே வாங்கிவந்தேன். பத்துப் பேர் கேட்டால் தருவிப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். இதுவரை நான் ஒருவன் கேட்டிருக்கிறேன்.