கேட்க வராத கடன்

வியாபாரிகளாகிய நாம் வாங்கிய கடனைப் பேரேட்டில் எழுதி வைக்கிறோம். யாரும் கேட்க வராத கடனை எங்கே எழுதுவது?

சாதாரணச் சளிக்குக்கூடக் கிருமிக்கொல்லி மாத்திரையைக் கேட்டு வாங்குகிறோம். மிஞ்சியதைச் சாக்கடையில் போடுகிறோம். உண்டதிலும் ஒரு பகுதி மருந்தாகவே உடலைவிட்டு வெளியேறுகிறது. பல இனக் கிருமிகள் கூடும் அந்தக் கழிவுநீரில், மருந்தை எதிர்த்துப் பிழைத்த கிருமி தன் வல்லமையை மற்ற இனத்துக்கும் கொடுத்துவிடுகிறது.

இது வீண் பயமன்று. 2011ல் வெளியான ஓர் ஆய்வில், டில்லியின் 50 குழாய்நீர் மாதிரிகளில் 2லும், தெருவில் கசிந்து தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51லும், வலிய மருந்துகளைப் பயனற்றதாக்கும் மரபணு காணப்பட்டது. நம் மலேசியாவிலோ, வேறு மருந்து பலிக்காதபோது நோயாளிக்குக் கொடுக்கும் கோலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பது 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது.

ஈப்போவில் ஓடும் கிந்தா ஆறு பேராக் ஆற்றில் சேர்கிறது. கீழே, பழைய ரப்பர்த் தோட்டப் பக்கங்களில் நோயுற்றுப் படுப்பவர் நம்மிடம் கணக்குக் கேட்டு வரமாட்டார்.

“நான் ஒருவன் செய்வதால் என்ன ஆகிவிடும்?” என்பார் உண்டு. தராசில் குன்றிமணி அளவு குறைத்தால் வாங்குபவருக்குத் தெரியாது. ஆயினும் அது மோசடியே என்பதை நாம் அறிவோம். இதுவும் அவ்வாறே.

ஆகவே, வைத்தியர் சொல்லாமல் இம்மருந்தை உண்ணாதிருப்போம். மிஞ்சியதை அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைப்போம். கோழி வாங்கும்போது, என்ன மருந்து கொடுத்து வளர்த்தீர் என்று பண்ணைக்காரரைக் கேட்போம். கேட்பாரில்லாத கடனைத் தீர்ப்பதே நாணயம்.