யாருடைய வருடம்?

கல்வி நல்லதென்பதனை எம்மவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. காணியை ஈடு வைத்தும் நகையை விற்றும் பிள்ளைகளைப் படிப்பித்த சமூகம் எமது. ஆதலால், மணமாகிப் பிள்ளைகளும் உள்ள ஒருவர் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கின்றார் என்று கேள்விப்பட்டதும் மெச்சுகின்றோம். மூன்று வருடத்தில் முடிந்துவிடும் என்றவர் நாலாவது வருடத்தையும் ஐந்தாவது வருடத்தையும் தொடங்கும்போது அவருடைய விடாமுயற்சியைப் புகழ்கின்றோம். அந்த மேலதிக வருடம் யாருடையது என்ற வினா மட்டும் எம்மிடையே எழுவதில்லை. அது படிப்பவரின் வருடமா, அவரோடு வாழ்பவர்களின் வருடமா?

ஏனைய படிப்புகளுக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. உயர்தரப் பரீட்சைக்கு நாள் குறித்துவிடுவார்கள். அந்த நாள் கழிந்தால் வீட்டில் வானொலியை மறுபடி சத்தமாக வைக்கலாம். கலாநிதி ஆய்வு அப்படிப்பட்டதன்று. ஓர் அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தால், மேற்பார்வையாளர் இரண்டு புதிய கேள்விகளோடு அதனைத் திருப்பியனுப்புவார். தேடிய சான்று கிடைக்காவிட்டால் தலைப்பையே மாற்றவேண்டி நேரும். இதில் எவரையும் குறைசொல்வதற்கில்லை. புதியதொன்றைத் தேடுபவருக்கு அது எப்போது அகப்படும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆயினும் வீட்டிலுள்ளவர்கள் தலையசைத்தது மூன்று வருடத்துக்கே.

எமது பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர் ஒருவர் சம்பளத்துடன் கற்கை விடுமுறையிற் செல்வதாயின் உடன்படிக்கை எழுதிக் கொடுக்கவேண்டும். படிப்பு முடிந்ததும் திரும்பி வந்து குறித்த காலம் சேவையாற்றுவேன், தவறினால் பணத்தைத் திருப்பிச் செலுத்துவேன் என்று கையொப்பமிடவேண்டும், பிணையாளிகளும் கையொப்பமிடுவர். விடுமுறையை நீடிக்க விரும்பினால், மேற்பார்வையாளரின் அறிக்கையுடன் மீண்டும் விண்ணப்பிக்கவேண்டும். மனைவிக்கோ கணவனுக்கோ இப்படியொரு பத்திரம் எழுதிக் கொடுப்பாரில்லை. அவர்கள் கேட்கப்போவதுமில்லை, குடும்பம் ஒரு கந்தோர் அல்லவே. இருந்தும், சம்பளம் தரும் நிறுவனத்திடம் பணிவாக விண்ணப்பித்து நிற்கும் ஒருவர், தம் மாலைப் பொழுதுகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டுக்கொடுக்கும் மனைவியிடம், "இன்னும் ஒரு வருசம் இழுக்கும் போலை கிடக்கு" என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்துவிட்டுக் கைகழுவப் போவது விந்தைதான்.

கேட்டால்தான் என்ன, "உங்கடை விருப்பம்" என்றுதானே மறுமொழி வரும் என்பர் சிலர். எம் வீடுகளில் இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள பொருள்களை எந்த அகராதியும் தொகுத்ததில்லை. அது சம்மதமாக இருக்கலாம். களைப்பாக இருக்கலாம். சொல்லிப் பயனில்லை என்ற முடிவாகவும் இருக்கலாம். "வேண்டாம்" என்று சொல்ல இடமில்லாதவர் சொல்லும் "ஓம்" சம்மதமாகாது. எனவே கேட்பவர், மறுப்பு வந்தால் தாம் என்ன செய்வார் என்பதை முதலில் தம்மிடமே கேட்டுக்கொள்ளவேண்டும். மறுமொழி எதுவானாலும் பதிவைப் புதுப்பிப்பதென்று முன்பே தீர்மானித்துவிட்டுக் கேட்பது வெறும் மரியாதைச் சடங்கு. "உங்கடை விருப்பம்" என்று சொல்பவருக்கும் ஒரு கடமை உண்டென்பதையும் மறுக்கமுடியாது. உள்ளத்தில் மறுப்பை வைத்துக்கொண்டு வாயால் விட்டுக்கொடுத்து, ஐந்து வருடம் கழித்து அதனைக் கணக்காக எடுத்து நீட்டுவது நேர்மையாகாது.

"உங்களுக்காகத்தானே படிக்கிறேன்" என்ற வாதமும் உண்டு. அதிலே ஓரளவு உண்மை இருக்கின்றது. பட்டத்தால் பதவியுயர்வு வரும், சம்பளமும் கூடும். ஆனால் சம்பளத்துக்காக மட்டும் ஒருவர் பழைய ஏடுகளின் முன்னால் நள்ளிரவுவரை விழித்திருப்பதில்லை. அறியும் ஆவல் அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அது மனிதனுக்கு அழகு தரும் ஆவலே. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஆவலுக்குத் தியாகம் என்று பெயர்சூட்டி வீட்டாரைக் கடனாளிகளாக்குவதைத்தான் எம்மால் ஏற்கமுடியவில்லை.

பெண் படிக்கும்போது நிலைமை தலைகீழாகின்றது. கணவன் மேற்படிப்புக்குச் சென்றால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அயலவர் வினவுவதில்லை. மனைவி சென்றால் மாமியார் முதல் தபாற்காரர்வரை வினவுவர். வினா நியாயமானதே. இருவரிடமும் அதனைக் கேட்கவேண்டும்.

குடும்பமும் ஆராய்ச்சியும் என்றதும் பலரும் உதாரணம் காட்டுவது மேரி கியூரி அம்மையாரை. 1895இல் மணமுடித்த அவர், 1897 செப்டெம்பரில் ஐரீன் என்ற மகளைப் பெற்றார். அவ்வருட இறுதியிலேயே, பெக்கரல் கண்டறிந்த யுரேனியக் கதிர்களைத் தம் கலாநிதி ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். 1898இல் கணவரோடு சேர்ந்து பொலோனியத்தையும் றேடியத்தையும் கண்டறிந்தார். பின்னர் பாரிஸ் நகரில் கூரை ஒழுகும் ஒரு கொட்டிலில் தொன் கணக்கான கனியக் கழிவைக் காய்ச்சி வடித்து, 1902இல் கிராமில் பத்திலொரு பங்கு றேடியம் குளோரைட்டைப் பிரித்தெடுத்தார். 1903 ஜூனில் பட்டம் கிடைத்தது. இதற்கிடையே, 1900 முதல் செவ்ரே என்ற இடத்திலிருந்த மகளிர் ஆசிரிய கலாசாலையில் படிப்பித்தும் வந்தார்.

இவ்வளவையும் சொல்லி வியப்பவர்கள் ஒருவரை மறந்துவிடுவர். அவர் பியர் கியூரியின் தந்தையார், ஒஜேன் கியூரி என்ற வைத்தியர். ஐரீன் பிறந்த சில நாட்களில் தம் மனைவியை இழந்த அம்முதியவர், மகனின் குடும்பத்தோடு சேர்ந்து வாழ்ந்து பேர்த்தியை வளர்த்தார். தாய் கொட்டிலில் நின்ற மணித்தியாலங்களில் பிள்ளையோடு இருந்தவர் அவரே. 1906இல் பியர் வீதி விபத்தில் இறந்த பின்னரும், 1910இல் தாம் இறக்கும்வரை அவ்வீட்டை விட்டுப் போகவில்லை. ஆய்வேட்டின் முகப்பில் மேரியின் பெயர் நிற்கின்றது. அது முறையே, ஆராய்ந்தவர் அவர். ஆயின் அந்த ஐந்தரை வருடங்களும் அவருடையவை மட்டும்தானா?

அப்படியொரு பாட்டனார் எல்லா வீடுகளிலும் இல்லை. பேராதனையில் வாடகை அறையிலோ, இலண்டனில் மாடிக் குடியிருப்பிலோ இளங் குடும்பம் தனித்துத்தான் வாழ்கின்றது. பெரியவர்களிடமாவது சம்மதம் கேட்கலாம். பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது அதன் வாழ்நாளில் ஆறிலொரு பங்கு. பட்டம் பெற்றபின் வாங்கிக் கொடுக்கும் சைக்கிள் அந்த வருடத்துக்கு ஈடாகாது. பிள்ளையின் சார்பில் பேசக்கூடியவர் மற்றப் பெற்றார்தான். அவர் "இந்த வருசம் வேண்டாம்" என்றால், தம் களைப்புக்காக மட்டும் அவர் அப்படிச் சொல்லவில்லை என்பதைக் கேட்பவர் உணரவேண்டும். ஒரு வருடம் பதிவை இடைநிறுத்திவைக்கப் பல்கலைக்கழகங்கள் பல இடமளிக்கின்றன. தொடர்வதா, நிறுத்திவைப்பதா, தொடர்வதாயின் எந்த மாலைகள் வீட்டுக்குரியவை என்பனவற்றை இருவரும் இருந்து பேசவேண்டிய நேரம், புதுப்பித்தல் படிவம் இன்னும் நிரப்பப்படாமல் மேசைமேல் கிடக்கும் நேரம்.