உருளும் வீடும் பொருள் வரைதலும்

செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில், ஒரே பாறை முகத்தில் சமணத்தின் 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக உட்கார்ந்திருக்கிறார்கள். அதே குன்றில் இன்னொரு பாறையில், தமிழ்ப் பிராமி வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த இடம் இது என்பது அதன் செய்தி. திகம்பரத் துறவிக்கு உரியவை மயிற்பீலி, கமண்டலம், மிஞ்சினால் ஒரு சுவடி. பக்கத்திலேயே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. மலையடியில் பெரிய நெற்களஞ்சியங்கள், குளங்கள், மேலே சுனை. வெளியிலிருந்து ஒரு மணி அரிசி வராவிட்டாலும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று கட்டியது அது. 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698இல். யாரையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்ற ஒரே ஆசைக்கு இந்த ஊர் இரண்டு விடை வைத்திருக்கிறது. தேவையைக் குறைத்துக்கொண்டே போவது ஒன்று, சேர்த்து வைத்துக்கொண்டே போவது மற்றொன்று.

இப்போது சாலையில் மூன்றாவதாக ஒரு விடை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சோலார் தகடு, கட்டிலுக்கடியில் லித்தியம் பேட்டரி என்று தன் தேவைக்கேற்ப வீடாக்கிக்கொள்வது. மின்வாரிய இணைப்பும் குழாய் இணைப்பும் இல்லாமலே அதில் வாழலாம். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. அந்த அளவுக்கு இது பொதுவெளிக்கு வந்துவிட்டது. இப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஒன்றை, கட்டியவரே ஒருநாள் விற்க முன்வந்தால் அதைப் பற்று விடுதல் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது என்பதே என் கருத்து. ஆனாலும் அந்த விற்பனை ஓர் அறச்செயலாக இருக்க முடியும். அது எப்போது அப்படி ஆகும் என்பதற்குச் செஞ்சிப் பகுதிச் சமணம் தெளிவான அளவுகோலை வைத்திருக்கிறது.

தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் இருக்கிறது. மடத்தை மதிக்கும் குடும்பங்களில் பெரும்பாலோர் நிலம் உழுது வாழ்ந்தவர்கள். அவர்களிடம் துறவியின் அறத்தைச் சமயம் கேட்கவில்லை. இல்லறத்தார்க்கு விதித்த ஐந்து நோன்புகளில் கடைசியானது பொருள் வரைதல்: எனக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு நெல், இத்தனை மாடு போதும் என்று தானே ஒரு கோடு கிழித்துக்கொண்டு அதற்குள் வாழ்வது. இல்லறத்தார்க்கான இந்த ஒழுக்கங்களைச் சமண ஆசிரியர் சமந்தபத்திரர் வடமொழியில் இரத்தினகரண்டக சிராவகாசாரமாக எழுதினார். அதைத் தழுவித் தமிழில் அமைந்தது அருங்கலச்செப்பு. பொருள் வரைதலைக் கெடுக்கும் குற்றங்கள் என்று சமந்தபத்திரர் ஐந்தைச் சொல்கிறார். அவற்றில் முதலாவது அதிவாகனம், ஐந்தாவது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது. ஆசை மிகுதியால் மாட்டை அதன் சக்திக்கு மேல் ஓட்டுவதே அதிவாகனம் என்று உரை சொல்லும். தேவைக்கு மேல் வண்டி வைத்திருப்பது என்றும் பொருள் கொள்வதுண்டு. எப்படிக் கொண்டாலும், ஆசை அளவு மீறுவதற்கு அடையாளம் தேடிய சிந்தனையாளருக்கு முதலில் கண்ணில் பட்டது வாகனம்தான்.

இதை வைத்தே முதல் மறுப்பும் எழும். வீட்டையும் வண்டியையும் ஒன்றாக்கி, ‘எனக்கு உடைமை ஒன்றே’ என்று கணக்குக் காட்டுவது ஏமாற்று இல்லையா? கேட்க வேண்டிய கேள்விதான். பழைய உரைகாரர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். ஒரே வீடு என்று நோன்பெடுத்தவர் பக்கத்து வீட்டையும் வாங்கி, நடுச்சுவரை இடித்துவிட்டு, இப்போதும் ஒரு வீடுதானே என்று சொன்னால் அது நோன்பை மீறியதாகவே ஆகும் என்பது அவர்கள் தீர்ப்பு. ஊரில் மாடிவீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, கூடுதலாக ஒரு வேனில் எளிமையைப் பழகுகிறவருக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும். அவரிடம் எளிமை இல்லை. எளிமையும் ஒரு கூடுதல் உடைமையாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் வேறு வீடு வைத்துக்கொள்ளாமல், தன் குடியிருப்பையே அந்த நாற்பது ஐம்பது சதுர அடிக்குள் சுருக்கிக்கொண்டவரை இதே குற்றத்தில் சேர்ப்பது நியாயமாகாது.

சுருக்கிக்கொண்டவர் உண்மையில் எதற்குள் வாழ்கிறார் என்று பார்க்கலாம். கூரையில் 400 வாட் தகடு இருந்தால், ஐந்து மணி நேர நல்ல வெயிலுக்குக் கணக்குப்படி இரண்டு யூனிட் வரவேண்டும். சூடு, தூசு, கம்பி இழப்பு எல்லாம் போக ஒன்றரை யூனிட் கிடைத்தால் பெரிது. தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். நாளுக்குப் பிரித்தால் ஒன்றே முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அரசு இலவசமாகத் தரும் அளவைவிடக் குறைவான மின்சாரத்தில் இவர் நாள் முழுதும் வாழ்கிறார். மேகம் மூடிய நாளில், இரவு பத்து மணிக்குப் பேட்டரி மானி 20 சதவீதம் காட்டினால், விசிறியா, காலையில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரா என்று அந்த நேரத்திலேயே முடிவெடுக்க வேண்டும். நூறு லிட்டர் தொட்டி நிரம்பினால் வண்டியில் நூறு கிலோ கூடுகிறது. இருநூறு லிட்டராக்கினால் பிரேக்கும் வில்பட்டையும் அதைத் தாங்க வேண்டும். பாரம் ஏற்றுவதைக் குற்றமாக்கிய பழைய விதி இங்கே மாட்டின் முதுகை விட்டு அச்சுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கருவி கட்டாயப்படுத்தும் சிக்கனம் நோன்பாகுமா என்று கேட்கலாம். கோடு கிழிக்கும் இடம் வண்டியைக் கட்டும் இடமே. எத்தனை லிட்டர் தொட்டி, எத்தனை வாட் தகடு என்று பட்டறையில் நின்று தீர்மானித்த அன்றைக்கே இவர் தன் பொருளை வரைந்துவிட்டார். வழியில் செய்ய வேண்டியிருப்பது அந்த முடிவைக் காப்பாற்றுவது மட்டுமே.

விற்பனைக்கு வருவோம். பற்றே உடைமை என்கிறது சமண நூலான தத்துவார்த்த சூத்திரம். பொருள் கையில் இருப்பதைவிட மனம் அதில் ஒட்டியிருப்பதே கட்டு. ஆகவே வண்டி கைமாறியதும் பற்றுப் போய்விட்டது என்று யாரும் நிம்மதி அடைய முடியாது. அது விலையில் தங்கியிருக்கும். கட்டிலின் நீளம் கட்டியவரின் உயரத்துக்கு, அடுப்பு மேடை அவருடைய இடுப்பு உயரத்துக்கு, அலமாரி அவருடைய பாத்திரத்துக்கு. வாங்குகிறவருக்கு இவற்றில் பாதி பொருந்தாது. ‘ஒவ்வொரு ஆணியும் நான் அடித்தது’ என்பதற்காகக் கூடுதல் விலை கேட்டால், கேட்பது உழைப்புக்கான கூலியா, விடமுடியாத பற்றுக்கான வாடகையா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விற்ற பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். அதைவிடப் பெரிய வண்டிக்குப் போனால் கோடு அழிந்தது. வரைந்த அளவுக்குள் நின்றால் நோன்பு நிற்கிறது.

ஐந்து நோன்புகளில் இன்னொன்றான கள்ளாமைக்கு அதே சூத்திரம் சொல்லும் ஐந்து குற்றங்களில் மூன்று, பழைய வண்டிச் சந்தைக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன: அரசின் சட்டத்தைத் தாண்டுவது, அளவைக் குறைத்தும் கூட்டியும் காட்டுவது, ஒன்றைப் போல வேறொன்றைக் கொடுப்பது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. இருக்கை வேனாகவே பதிவு கிடக்க, உள்ளே வீடு இருந்தால், வாங்குகிறவர் ஒரு வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். பழைய செல்களுக்குப் புது உறை போட்ட பேட்டரியும், ‘நாள் முழுதும் ஏசி ஓடும்’ என்ற வாய்வார்த்தையும் மற்ற இரண்டு குற்றங்கள். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் அந்த வார்த்தையின் பொய் தானே தெரியும். நெல் அளக்கும் மரக்காலின் அடியில் மெழுகு ஒட்டி விற்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

இன்னும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. சமணத்தின் மற்றொரு பிரிவினரான சுவேதாம்பரர்களின் உபாசகதசா நூல், இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களில் வண்டி செய்து விற்பதையும் சேர்க்கிறது. வண்டி ஓடும் இடமெல்லாம் உயிர் நசுங்கும் என்பதே காரணம். அதனால்தான் துறவிகள் நடந்தே போகிறார்கள், மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கிவிடுகிறார்கள். இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. சொந்த வண்டியை ஒருமுறை விற்பது பிழைப்புத் தொழில் ஆகாது என்று சொல்லலாம். டீசல் புகையும் சக்கரத்தடியில் சாகும் உயிரும் அதனால் இல்லாமல் போய்விடாது. இந்த வீடு யாரையும் துறவியாக்காது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. இல்லாமையால் சாலையோரக் கூடாரத்தில் வாழும் நாடோடிக் குடும்பங்களோடு இதை ஒப்பிடவும் கூடாது. கோடு கிழித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்ததே இல்லை. இல்லறத்தார் ஒருவர் தன் தேவைக்கு எல்லை கட்டிப் பார்த்த இடம் என்ற அளவில்தான் இந்த வேனுக்கு மதிப்பு, விற்கும்போது வாங்குகிறவரிடம் சேர வேண்டியதும் அந்த எல்லையே.

ஆகவே விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியின் உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போடும் நாளில், கூடவே ஒரு தாளும் கொடுங்கள். தொட்டி எத்தனை லிட்டர், கார்த்திகை மழையில் மூன்று நாள் வெயில் வராவிட்டால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த இடத்தில் எதை வெட்டி எதை ஒட்டியிருக்கிறது, அவற்றில் எது ஆர்.சி. புத்தகத்தில் ஏறவில்லை என்பதை உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள்.