இரவல் மண்ணும் எமது கடனும்

வசந்தம் நெருங்கும்போதே ஹவுகன்ஸ்டுவா மாடிவீடுகளின் யன்னலோரங்களில் வெறுமையான தயிர்க் கோப்பைகள் வரிசையாக வந்துவிடும். மாசியில் போட்ட மிளகாய் விதை முளைத்து, வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்து நிற்கும். புதிதாக வீடு வாங்கியோர் பல்கணியில் தொட்டி வைக்கின்றனர். வேறு சிலர் 'பார்செல்' எனப்படும் துண்டு நிலத்தை ஆண்டு வாடகைக்கு எடுத்துப் பாத்தி கட்டுகின்றனர். இவர்களிடையே எழும் கேள்வி ஒன்றை இவ்விதழில் சிந்திக்க விரும்புகிறோம். எமக்குச் சொந்தமில்லாத மண்ணுக்கு நாம் ஏன் பசளையிட்டுப் பாடுபட வேண்டும்?

கேள்வி நியாயமானதே. ஒஸ்லோ வடக்கே ஏறக்குறைய 60 பாகையில் இருக்கிறது. மே 17 தேசிய தினம் கழியும்வரை மிளகாய், தக்காளிக் கன்றுகளை இரவில் வெளியே விடப் பலர் துணிவதில்லை. புரட்டாதி பிறந்தால் மீண்டும் உறைபனிப் பயம். கோடை நடுவில் பகல் 19 மணித்தியாலத்தை நெருங்குவதால் கீரையும் போஞ்சியும் விரைந்து வளர்கின்றன. ஆயினும் காலம் நான்கு மாதமே. இருக்கும்வரை பறித்துச் சமைத்துவிட்டு, வீடு மாறும்போது கைகழுவிவிட்டுப் போனால் என்ன பிழை?

இதற்கு விடை காண எமது ஊர்த் தோட்டங்களை நினைத்துப் பார்ப்போம். வலிகாமத்துச் செம்மண்ணை இயற்கையின் கொடை என்று பெருமை பேசுகிறோம். அது பல இடங்களில் சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய படையாகவே கிடக்கிறது. பனையோலையும் பூவரசங் குழையும் தாட்டு, ஆட்டுப்பட்டி அடைத்து, கிணறு வெட்டித் துலாவால் இறைத்து, தலைமுறை தலைமுறையாக அதனைத் தோட்ட மண்ணாக்கினார்கள். குத்தகைக் காணியில் பாடுபட்டவர்களும் அவர்களுள் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்த உழைப்பும் அங்கேயே நின்றுவிட்டது. 2009இன் பின்னர் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது பலர் கண்டது பற்றைக் காட்டையே. உறுதி கையில் இருந்தது. பேணுவதற்குத்தான் ஆள் இல்லாமற் போயிற்று.

ஆகவே உரிமை வேறு, பேணுதல் வேறு. ஊர்க் காணியின் உரிமையை நாம் மறக்க வேண்டியதில்லை. அதற்காக, காலடியில் உள்ள மண்ணைப் பேணாமல் விடுவதும் முறையாகாது.

இங்கேயும் நாம் வெறுந்தரையில் வந்து குடியேறவில்லை. நாம் இன்று நிலக்கீழ் ரயில் நிலையங்களாக அறியும் ஃபுரூசெட், ஸ்டோவ்னர் என்பன முன்னர் பண்ணைகளின் பெயர்கள். குறோருட் பள்ளத்தாக்கு மாடிக் கட்டடங்கள் எழுமுன் உழுது பயிரிட்ட நிலம். பனியுகத்தின் பின் கடலடியிலிருந்து மேலெழுந்த அதன் கனத்த களிமண்ணை எத்தனையோ தலைமுறையினர் பண்படுத்தினர். எமது பாத்தியில் வசந்தம்தோறும் தானே தளிர்க்கும் ரபார்ப் கிழங்கும், வேலியோரத்து அப்பிள் மரமும் யாரோ வைத்துவிட்டுப் போனவையாக இருக்கலாம். அவர்களுக்கு அக்கடனைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. பின்னால் வருபவருக்குக் கொடுப்பதொன்றே வழி. துண்டு நிலத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கும் இந்நகரில், அப்படி ஒருவர் வருவார் என்பதில் ஐயமில்லை.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இலையுதிர் காலத்தில் செடியைப் பிடுங்கியதோடு நின்றுவிடாமல், உக்கிய இலையும் சாணமும் போட்டு மண்ணை மூடிவிடலாம். சங்கத்தினர் 'டுக்னாட்' என்று அழைக்கும்போது, அது எமது ஊர்ச் சிரமதானமே என்றெண்ணிக் குடும்பமாகப் போகலாம். கறிவேப்பிலைத் தொட்டியைக் குசினிக்குள் வைத்துக் காப்பது போலவே, எமக்குப் பயன் தர ஆண்டுகள் பிடிக்கும் அப்பிள் கன்று ஒன்றையும், சங்க விதி இடம் தந்தால், நடலாம்.

பிள்ளைகள் இதைப் பார்த்தே வளர்வார்கள். ஊரில் அப்பப்பா வைத்த மாமரத்தைப் பற்றிச் சொன்னால் கதையாகக் கேட்பார்கள். தாம் தின்னாத பழத்துக்கு மரம் வைக்கும் பெற்றோரைக் கண்டால், அப்பப்பா ஏன் அதை வைத்தார் என்பதும் அவர்களுக்கு விளங்கும்.